மேலப் பாதை

பிப்ரவரி 5, திங்கள்

என் மருமகன் ஜெகதீசனைக் காட்டுமாடு குத்திக் கொன்றதாக ஊரில் பேசுகிறார்கள். ரேஞ்சரும் அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அது பொய். மாட்டுக்குக் கொம்பு இருக்கிறது, குத்தும். அவனை அந்தக் கொம்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவன் தாவீது. இருபத்திரண்டு வருஷம் என்னோடு மலை ஏறியவன். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் எழுந்து போனான். அதனால் முப்பத்துநாலு வயதில் ஜெகதீசன் செத்தான். என் மகள் சுகந்தி தாலியறுத்து உட்கார்ந்திருக்கிறாள்.

இதை எழுத்தில் வைக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் போர்டையும் உரமூட்டையையும் பார்த்து எழுத்துக் கற்றவன். ஆனாலும் பிழையில்லாமல் எழுதுவேன். பொம்மையன் சொன்னதை மாற்றிச் சொன்னான் என்று இந்த மலையில் யாரும் சொன்னதில்லை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை ஏழு பேரை எருதுமுதுகு வழியாகக் கூதலேரிக்கு அழைத்துப் போனோம். போக ஐந்து மைல், வர ஐந்து மைல். மலையின் முதுகிலேயே நடக்க வேண்டும். பெரிய சிரமம் இல்லை, முட்டி சரியாக இருக்கிற எவரும் நடக்கலாம். ஜெகதீசன் சென்னையிலிருந்து இங்கே வந்து இந்தத் தொழிலைத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஆட்களைச் சேர்ப்பது, ஜீப் பேசுவது, சாப்பாடு எல்லாம் அவன். மலையில் முன்னால் நான், பின்னால் தாவீது.

பாதி வழியில் கவட்டை என்று ஓர் இடம். பாதை அங்கே இரண்டாகப் பிரியும். ஒன்று மேற்குச் சரிவில் இறங்கிப் புல்வெளி வழியாகப் போகும். இன்னொன்று கிழக்கே ஏறிச் சோலைக்குள் நுழையும். இரண்டும் ஏரிக்குத்தான். தை, மாசியில் சோலைக்குள் மாடு கன்று போடும். அந்தப் பக்கம் நாங்கள் ஆள் கூட்டிப் போவதில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு ஜீப் தாமதம். பொட்டலங்களை வாங்கிக்கொண்டு ஜெகதீசன் பின்னால் வருவதாக ஏற்பாடு. மூட்டம் வேறு இறங்கிவிட்டது. கவட்டையில் கிழக்குப் பக்கமாகப் புதுச் சாணியும் கன்றின் குளம்பும் பார்த்தேன். தாவீதை அங்கே ஒரு கல்லில் உட்கார வைத்தேன்.

"மாப்ள வர்ற வரைக்கும் இந்தக் கல்ல விட்டு எந்திரிக்கக் கூடாது."

"சரிண்ணே" என்றான். எழுந்து போய்விட்டான்.

ஏரிக்கரையில் இரண்டரை மணிவரை பட்டினியாக இருந்தோம். பிறகு நான் மட்டும் திரும்பி வந்தேன். கவட்டையில் யாரும் இல்லை. கிழக்குப் பாதையில் முந்நூறு அடி ஏறினேன். முதலில் எலுமிச்சைச் சோறு புல்லில் இறைந்து கிடந்தது. அப்புறம் ஒரு ஷூ. அப்புறம் அவன். கொம்பு தொடையிடுக்கில் நுழைந்து நெஞ்சுக்கூடு வரை கிழித்திருந்தது. தூக்கி எறிந்த பிறகும் மாடு விடவில்லை, மிதித்திருக்கிறது. ஒரு கையில் வேரோடு பிடுங்கிய புல். அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அப்படியே எரித்தோம்.

நேற்று சுடுகாட்டுக்குத் தாவீதும் வந்தான். தடியால் அடித்தேன். முதல் அடி தோளில். காறையெலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது வாயில். அதற்குள் நாலு பேர் பிடித்துவிட்டார்கள். மூன்றாவது அடி பிடித்தவர்களில் ஒருவன் மேல் விழுந்தது. அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். தாவீதிடம் தெரிவிக்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

பூண்டுக்குத் தண்ணீர் விட்டேன். பன்றி மூன்று பாத்தியைக் கிளறிப் போட்டிருக்கிறது. போனில் இடம் நிறைந்துவிட்டது. பழைய பேச்சுப் பதிவுகளை அழித்தேன். தாவீதின் மேல் இரண்டு பக்கம் மனு எழுதி ரேஞ்சர் ஆபீஸில் கொடுத்தேன்.

பிப்ரவரி 8, வியாழன்

மனு வேலை செய்திருக்கிறது. தாவீதின் வழிகாட்டி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அட்டை இல்லாமல் அவன் மலையில் கால் வைக்க முடியாது. அவனுக்கு வேறு பிழைப்பும் தெரியாது. கவனக்குறைவால் உயிர்ச்சேதம் என்று போலீஸுக்கும் காகிதம் போகுமாம். போகட்டும்.

மத்தியானம் அவன் பெண்டாட்டி ஆரோக்கியம் என் பூண்டுக்காட்டுக்கு வந்தாள். ஒரு காகிதப் பொட்டலத்தை வரப்பில் வைத்தாள்.

"இந்தாங்க, ஒங்க பொருளு."

பிரித்தேன். மூன்று பல்.

"எம்புருசன் பல்லு. நீங்க எடுத்தது, நீங்களே வச்சுக்கங்க. நாலு நாளா கஞ்சியத்தான் ஊத்துறேன்."

"நிக்கச் சொன்ன எடத்துல நின்னிருந்தா கறிச்சோறு தின்னுருப்பான்."

"ஏழு பேர்ல ஒருத்தி, அந்த டீச்சரம்மா, பின்தங்கிப்போயி கவட்டையத் தாண்டி வழுக்கி விழுந்து, முட்டிக்குக் கீழ எலும்பு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மூணு மைலு முதுகுல தூக்கிட்டு எறங்குனாரு. கல்லு மேல ஒக்காந்து வேடிக்கை பாத்துருக்கணுமோ?"

"பாத்துருக்கணும்."

"ஒங்களுக்குப் பெறந்த பாவத்துக்கு சுகந்தி வாயத் தொறக்காமக் கெடக்கு. நானா இருந்தா நீங்க தூங்கும்போது அம்மியத் தூக்கித் தலையில போட்ருப்பேன்."

"வந்து போடு. கதவத் தாழ் போடுறதில்ல."

"சரி, அவரு எந்திரிச்சுப் போனாரு, தப்பு. அங்கதான் பாதைக்கு ஒரு போர்டு இருந்துச்சே. அது எங்கண்ணே போச்சு?"

மண்வெட்டியை ஓங்கினேன். அவள் இம்மியும் நகரவில்லை. "வெட்டுங்க. பூண்டுக்கு ஒரமாவாவது ஆவுறேன்" என்றாள். மண்வெட்டியைத் தரையில் போட்டேன். அவள் வரப்பைத் தாண்டிப் போன பிறகுதான் தெரிந்தது, அது என் கால் கட்டைவிரலில் இறங்கியிருந்தது. நகம் பெயர்ந்துவிட்டது.

போர்டு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு முன்னால் ஜெகதீசன் கவட்டையில் ஒரு மரத்தில் பலகை அடித்தான். நாலு நாள் உட்கார்ந்து பச்சைப் பெயின்டில் அவனே எழுதியது. கிழக்கே ஏறுகிற பாதைக்கு மேல்பாதை, மேற்கே இறங்குகிற பாதைக்குக் கீழ்பாதை. எங்கள் ஊரில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. எங்கள் மேலத்தெரு பள்ளத்தில் இருக்கிறது, கீழத்தெரு மேட்டில் இருக்கிறது. அதற்காகத் தெருவின் பெயரைத் திருப்பிப் போடுவோமா? பலகையைக் கோடாலியால் பிளந்து அடுப்பில் வைத்தேன். ஏன் மாமா என்று கேட்டான். நான் சொல்லவில்லை. விளக்கம் சொல்வது என் வழக்கம் இல்லை. பெண் எடுத்த ஊரின் பேச்சு மாப்பிள்ளைக்குத் தானாக வர வேண்டும்.

பிப்ரவரி 9, வெள்ளி

விடியும்போது கூரைத் தகரத்தில் ஆறு கல் விழுந்தது. ஆறையும் பொறுக்கி வாசலில் அடுக்கி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்து மறுபடி எறியலாம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் கோடாலியோடு எருதுமுதுகு ஏறினேன். அந்த மாட்டைக் கொல்வதற்குத்தான் போனேன். சட்டம் தெரியும். உள்ளே வைத்தால் வைக்கட்டும்.

புல் முழுக்க உறைபனி. மிதித்தால் நொறுங்கியது. முதுகின் மேல் ஏறியதும் காற்று ஆளைத் தள்ளுகிறது. வலது கைப் பக்கம் மலை மலையாகக் கேரளம் வரைக்கும் கிடக்கிறது. இடது கைப் பக்கம் சமவெளி, அதில் வெயில் பட்ட கண்மாய்கள். காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. அந்தச் சனிக்கிழமை இதே இடத்தில் ஏழு பேரும் நின்று போட்டோ எடுத்தார்கள். அந்த டீச்சர், "தாத்தா, இது ஈசியா கஷ்டமா?" என்று கேட்டார். "நடுத்தரம்" என்றேன்.

கவட்டையில் நிற்காமல் கிழக்கே ஏறினேன். அவன் கிடந்த இடத்தில் புல் இன்னும் நிமிரவில்லை. மண் கறுத்திருக்கிறது, ஈ மொய்க்கிறது. நாற்பது அடி தள்ளி அது நின்றது. பக்கத்தில் செந்நிறக் கன்று. கோடாலியை ஓங்கிக்கொண்டு, "வா" என்றேன். அது மூக்கால் ஊதியது. கல்லை எடுத்து நெற்றியில் அடித்தேன். மூன்று எட்டு பாய்ந்து வந்து நின்றது. அதன் வாய் நாற்றம் எனக்கு அடித்தது. நான் விலகவில்லை. விலக முடியவில்லை என்று யாராவது சொன்னால் அதையும் மறுக்க மாட்டேன். அது திரும்பிப் போய்க் கன்றை நக்கியது. பிறகு இரண்டும் சோலைக்குள் போய்விட்டன.

கவட்டைக்கு இறங்கி வந்து, ஆணித் தழும்பு இருக்கிற அந்த மரத்தை வெட்டினேன். காம்பு ஒடியும்வரை வெட்டினேன். மரம் விழவில்லை.

அப்புறம் மேற்கே இறங்கி ஏரிக்குப் போனேன். வழியில் மொட்டைப்பாறை. அதன் மேல் ஏறினால் போனில் நாலு கோடு சிக்னல் வரும். அந்தச் சனிக்கிழமையும் வந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

கூதலேரி அப்படியே இருக்கிறது. ஓர் அலைகூட இல்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. தோள் கழலும்வரை அதில் கல்லெறிந்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் கலங்கிவிட்டு மறுபடி பழையபடி ஆனது.

பிப்ரவரி 12, திங்கள்

கோடாலிக்குப் புதுக் காம்பு போட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

ஜெகதீசனின் போனைப் போலீஸ் திருப்பிக் கொடுத்தார்கள். கண்ணாடி நொறுங்கியிருக்கிறது, ஆனால் பேசுகிறது. சுகந்தி அதைச் சார்ஜில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஒங்க போனக் குடுங்க."

"எதுக்கு?"

"அவரு அன்னைக்கு ஒங்களுக்குப் பேசி அனுப்பிருக்காரு. நீங்களும் அனுப்பிருக்கீங்க. ஒங்க போன்ல இருக்கான்னு பாக்கணும்."

"எடம் பத்தல. அழிச்சிட்டேன்."

"என்னைக்கு அழிச்சீங்க?"

அடுத்த தாளை அறுத்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"பலகைய நீங்க ஒடச்சப்ப அவரு என்ட்ட என்ன சொன்னாரு தெரியுமா? மரத்துல ஆணி அடிச்சது மாமாவுக்குப் பொறுக்கல, பச்ச மரம் பாரு, அதான் கோவம், அடுத்த தடவ தனியாக் கம்பு நட்டு மாட்டுறேன்னாரு. பெயின்ட் அரை டப்பா மிச்சம் வச்சிருக்காரு."

"மேலத்தெருவுல மூணு வருசம் குடியிருந்தவனுக்கு மேலன்னா என்னன்னு தெரியாதா?"

"அத ஒரு பேருன்னு நெனச்சாருப்பா. காந்தித் தெரு, நேரு தெரு மாதிரி."

அந்த டப்பாவைத் தேடி எடுத்துச் சுவரில் அடித்தேன். மூடி தெறித்துச் சுவர், அடுப்பு, பூண்டு எல்லாம் பச்சை. சுகந்தி துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

ரேஞ்சர் நேரில் இடம் பார்க்க வேண்டும் என்றார். அவர், ஒரு ஃபாரஸ்ட் கார்டு, நான், கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்ட தாவீது. சுகந்தியும் வந்தாள். வராதே என்றேன். அவள் எனக்கு முன்னால் ஏறினாள்.

இரண்டு மணி நேரம் ஏறினோம். கார்டு மூச்சு வாங்கிக்கொண்டு, "பெரியவரே, கொஞ்சம் நின்னு போங்க, எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு" என்றான். தாவீது சிரித்தான். முன்பல் இல்லாத சிரிப்பு. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

கவட்டையில் ரேஞ்சர் காகிதத்தை எடுத்தார். "மேல்பாதை எது? காட்டுங்க."

நான் மேற்கே காட்டினேன். அதே நேரத்தில் கார்டு கிழக்கே காட்டினான். ரேஞ்சர் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்யா, ஒரு பாதைக்கு ரெண்டு எடமா?"

"இவரு எறங்குற பாதைய மேலங்குறாரு சார்" என்றான் கார்டு.

சுகந்தி போனை எடுத்துப் பாறையில் வைத்தாள். முதலில் ஜெகதீசன். காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவன் மூச்சு.

"மாமா, கவட்டாண்ட வந்துட்டேன். தாவீதண்ணன் எதிர்ல வந்தாரு, ஒங்களக் கேட்டுக்கச் சொன்னாரு. எந்தப் பாதைல வரட்டும்? சோறு இன்னும் சூடாத்தான் இருக்குது."

அடுத்தது என் குரல். மொட்டைப்பாறையில் நின்று நான் பேசியது.

"மாப்ள, கீழப் பாதையில மாடு கன்னு போட்ருக்கு. அந்தப் பக்கம் தல வச்சும் படுக்காதீங்க. மேலப் பாதையில வாங்க. மேல."

மூன்றாவது மறுபடி அவன். "சரி மாமா. மேலயே வரேன்."

அவ்வளவுதான். போன் அணைந்தது.

"நான் சொன்னது சரியான வார்த்தை" என்றேன். "மேலன்னா மேக்கு."

சுகந்தி கேட்டாள். "அத அவருக்கு யாருப்பா சொன்னா?"

ரேஞ்சர் ஏதோ எழுதத் தொடங்கினார். என்ன எழுதுகிறார் என்று தெரியவில்லை. என் கண்ணில் தாவீதுதான் பட்டான். அதே கல்லின் பக்கத்தில் நின்றான். "நீ இங்க இருந்திருந்தா அவன் என்னக் கேட்டுருக்கவே மாட்டானேடா" என்று தடியை வீசினேன். ஒடிந்த தோளிலேயே விழுந்தது. அவன் கத்தினான். கத்திக்கொண்டே நல்ல கையால் என்னை அறைந்தான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. நான் பாறையில் சரிந்தேன். அவன் என் நெஞ்சின் மேல் முழங்காலை வைத்து இன்னும் இரண்டு குத்து விட்டான். மூக்கில் ஒன்று, கண்ணில் ஒன்று. கார்டு ஓர் அடி எடுத்து வைத்தான். ரேஞ்சர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தாவீது எழுந்தான். அழுதுகொண்டிருந்தான்.

"ரத்தம் சட்டையெல்லாம் ஊத்துது, அந்தம்மா என் முதுகுல கெடந்து கதறுது. மாப்ள எதிர்ல வர்றாரு. மேக்கால போங்கன்னு ஒத்த வார்த்தை சொல்லிருக்கலாம். நமக்கெதுக்கு, அண்ணன் சொல்லுவாருன்னு விட்டேன். ஒங்கள நம்பி விட்டேன் பாருங்க, அதாண்ணே நான் செஞ்ச தப்பு. அதுக்குப் பல்லு போதாதுன்னா மிச்சத்தையும் எடுத்துக்கங்க."

நான் கீழே கிடந்தேன். சுகந்தி என்னைத் தூக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு கிழக்குப் பாதையில் ஏறினாள், அவன் கிடந்த இடத்தைப் பார்க்க. ரேஞ்சரும் கார்டும் அவள் பின்னால் ஓடினார்கள். நானும் தாவீதும் மட்டும். அவன் அந்தக் கல்லில் உட்கார்ந்தான். நானாகவே எழுந்தேன்.

பிப்ரவரி 17, சனி

வலது கண் திறக்கவில்லை. சுகந்தி கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள். ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கு வரவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

ரேஞ்சர் நாளைக்குக் கடைசி அறிக்கையை அனுப்புகிறார். ஐந்தாம் தேதி நான் எழுதியதைக் கிழிக்க மாட்டேன். அது பொய். பொய் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நாளைக்கு நடக்க வேண்டியதையும் நடத்த வேண்டியவர்களையும் இங்கே எழுதுகிறேன்.

நான்: காலை பத்து மணிக்கு ரேஞ்சர் ஆபீஸ் போக வேண்டும். தாவீதின் மேல் கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கி, புது மனு கொடுக்க வேண்டும். பலகையை உடைத்தவன் நான். ஏன் என்று கேட்டவனுக்குச் சொல்லாதவன் நான். மேல என்று சொல்லி அனுப்பியவன் நான். பதிவை அழித்தவன் நான். நாலு வரி போதும், ஐந்தாவது வரி எழுதிக் காரணம் சொல்லக் கூடாது. என் அட்டையை மேசையில் வைத்துவிட வேண்டும்.

ரேஞ்சர்: தாவீதின் அட்டையை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும். ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கொள் என்று சொல்லக் கூடாது. போலீஸுக்குப் போகும் காகிதத்தில் தாவீது என்று இருக்கிற இடத்தில் பொம்மையன் என்று எழுத வேண்டும். வயதானவர் என்று பரிதாபப்பட்டு விடக் கூடாது. விட்டால், எழுதும்வரை நான் அந்த வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

கார்டு: கவட்டையில் கம்பு நட வேண்டும். ஒரு கையில் மேற்கு, ஒரு கையில் கிழக்கு. மேல, கீழ என்ற சொல் அதில் வரவே கூடாது. என் சொல் சரியான சொல்தான், அதை நான் விடவில்லை. ஆனால் அது பலகைக்கு ஆகாது.

ஆரோக்கியம்: சுகந்தியைப் பார்க்க வருவதானால் வர வேண்டும். நான் காட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வரலாம்.

சுகந்தி: போனில் இருக்கிற மூன்றையும் போலீஸுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். என் குரல் வருகிற இடத்தில் நிறுத்தக் கூடாது. அப்பாவை மன்னித்துவிடு என்று எவர் வந்து சொன்னாலும், நானே சொன்னாலும், அவள் இஷ்டம் இல்லாமல் கேட்கக் கூடாது.

தாவீது: ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.